எண்ணத் தொடங்கும் முன்: உள்ளடக்கப் பகுப்பாய்வு பற்றி வாசகர் கேள்விகள்

செய்தித்தாள், இதழ், கடிதம், காணொளி எதுவானாலும் அதில் என்ன இருக்கிறது என்பதை விதி வகுத்து எண்ணியும் வகைப்படுத்தியும் பார்ப்பதுதான் உள்ளடக்கப் பகுப்பாய்வு. இந்த முறையைப் பற்றிச் செட்டிநாட்டுப் பக்கத்து வாசகர்கள் கேட்டிருக்கும் கேள்விகளை இம்முறை எடுத்திருக்கிறோம்.

மாவட்டப் பக்கங்களில் குடிநீர்ச் செய்தி எப்படி வருகிறது என்று ஆய்வு செய்யச் சொல்லியிருக்கிறார் கைடு. ஓராண்டு நாளிதழையும் படித்தாக வேண்டுமா? எங்கே தொடங்குவது?
*முதுகலை மாணவி, காரைக்குடி*

நாளிதழைப் பிரிப்பதற்கு முன் கேள்வியைச் சரிசெய்யுங்கள். ‘எப்படி வருகிறது’ என்பதற்கு எதை எண்ணினாலும் அது பதிலாகிவிடும். ‘குடிநீர்ச் செய்திகளில் யார் பேசுகிறார்கள்? அதிகாரியா, மக்கள் பிரதிநிதியா, தண்ணீர் வராத தெருவில் குடியிருப்பவரா? கோடையில் இந்த விகிதம் மாறுகிறதா?’ என்று கேட்டால், எண்ண வேண்டியது எது என்பது தானாகத் தெரியும். 1952-ல் அமெரிக்க ஆய்வாளர் பெர்னார்ட் பெரல்சன் இந்த முறையை வரையறுத்தபோது சொன்ன மூன்று குணங்கள் புறவயம் (ஆளுக்கு ஆள் மாறாதது), ஒழுங்குமுறை, எண்ணளவு. கேள்வி கூர்மையாக இல்லாவிட்டால் மூன்றுமே நிற்காது.

அடுத்தது மாதிரி. தொடர்ந்து இரண்டு வாரம் எடுத்துவிடலாம் என்று தோன்றும், வேண்டாம். அந்த வாரத்தில் ஒரு காலிக்குட மறியல் நடந்திருந்தால் அதுவே ஆண்டு முழுவதற்கும் பேசிவிடும். ‘ஏழு நாளுக்கு ஒரு இதழ்’ என்பது இன்னும் மோசம். எல்லாம் ஒரே கிழமையாகிவிடும். கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் திங்கள்கிழமை நடக்கிறது. மனு கொடுத்த செய்திகள் செவ்வாய்க்கிழமை பேப்பரில் குவியும். உங்கள் மாதிரி முழுக்கச் செவ்வாயாக அமைந்துவிட்டால், மக்கள் வாரம் முழுவதும் மனுவோடு நிற்பதாக முடிவு வரும். புதன்கிழமையாக அமைந்தால் மனுக்களே காணாமல் போகும்.

இதற்காகத்தான் ‘கட்டமைத்த வாரம்’ என்ற முறை இருக்கிறது. ஆண்டின் எல்லாத் திங்கள்கிழமைகளையும் எழுதிச் சீட்டுக் குலுக்கி ஒன்று, எல்லாச் செவ்வாய்களிலிருந்தும் ஒன்று என ஏழு கிழமைக்கும் எடுத்தால் ஒரு கட்டமைத்த வாரம். ஓராண்டு நாளிதழுக்கு இப்படி இரண்டு வாரம், அதாவது 14 இதழ் போதும் என்று ரிஃப், ஆஸ்ட், லேசி என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1993-ல் காட்டினார்கள். பண்டிகைக்கு மறுநாள் பேப்பர் வராமல் போகும். அப்போது அதே கிழமையில் இன்னொரு சீட்டு எடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் தலைப்புக்கு இந்த 14 இதழ் போதாது என்பது எங்கள் கருத்து. மாவட்டப் பக்கத்தில் தினமும் எத்தனை செய்தி வருகிறது என்று அறிய அந்த அளவு பொருந்தும். குடிநீர் ஒன்றை மட்டும் பார்த்தால் 14 இதழில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செய்தி கிடைக்கக்கூடும். அதைக் கோடை, மழைக்காலம் என்று வேறு பிரித்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. எப்போதாவது வரும் பொருளுக்கு, ஓராண்டு மாவட்டப் பக்கங்களை முழுதாகப் புரட்டி, அந்தப் பொருள் பற்றிய எல்லாச் செய்தியையும் எடுப்பதே நல்லது. புரட்டுவது நீங்கள் பயப்படும் அளவுக்கு நேரம் பிடிக்காது. குறியிடுவதுதான், அதாவது ஒவ்வொரு செய்தியும் எந்தப் பிரிவு என்று குறிப்பதுதான், பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. ஒரே நாளிதழுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் பக்கம் மாறும். எந்தப் பதிப்பின் எந்தப் பக்கங்கள் என்பதைக் குறித்து வையுங்கள். இ-பேப்பரில் பார்ப்பதானால் தேர்ந்தெடுத்த பதிப்பின் பெயரையும் சேர்த்து.

செய்திகளை எண்ணுவதா, இடத்தை அளப்பதா?
*இதழியல் மாணவர், புதுவயல்*

‘எத்தனை முறை’ என்று கேட்டால் எண்ணுங்கள். ‘எவ்வளவு முக்கியத்துவம்’ என்று கேட்டால் அளக்கவும் வேண்டும். மூன்று பத்தி அகலத்தில் 12 செ.மீ. உயரம் ஓடும் செய்தி 36 பத்தி-சென்டிமீட்டர். இரண்டு நாளிதழை ஒப்பிடும்போது இந்தக் கணக்கு ஏமாற்றும். பத்தி அகலம் பேப்பருக்குப் பேப்பர் வேறு. அப்போது சதுர சென்டிமீட்டரிலோ, பக்கத்தில் எத்தனை சதவீதம் என்றோ எடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் இ-பேப்பருக்குச் சதவீதம் ஒன்றுதான் வழி. தலைப்பும் படமும் அளவில் சேருமா என்பதை முதல் செய்தியை அளப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

குறியீட்டு ஏடு என்கிறார்கள். பிரிவுகளின் பட்டியல் போட்டால் போதாதா? நானும் என் தோழியும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு வேறு வேறாகக் குறியிடுகிறோம்.
*ஆய்வு மாணவி, தேவகோட்டை*

போதாததால்தான் வேறு வேறாகக் குறியிடுகிறீர்கள். எந்தச் செய்தியை எந்தப் பிரிவில் போடுவது என்ற விதிகளின் தொகுப்புதான் குறியீட்டு ஏடு. இந்த முறையில் உழைப்பு முழுவதும் இந்த ஏட்டில்தான் இருக்கிறது. பின்னால் வரும் எண்ணிக்கை எக்செல் செய்துவிடும். ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் ஏட்டை மட்டும் படித்துவிட்டு நீங்கள் குறித்ததையே குறிக்க வேண்டும். அதுவரை அதைத் திருத்திக்கொண்டே இருங்கள்.

ஒவ்வொரு மாறிக்கும், அதாவது செய்திக்குச் செய்தி நீங்கள் குறிக்கும் ஒவ்வொரு கூறுக்கும், இவை வேண்டும்: எண், பெயர், ஒரு வாக்கிய வரையறை, எவை சேரும், எவை சேராது, ஐயத்துக்கு இடமில்லாத ஓர் எடுத்துக்காட்டு, தடுமாற வைக்கும் ஓர் எடுத்துக்காட்டும் அதற்கான தீர்ப்பும். கூடவே, குறியிடுபவர் செய்தியின் எந்தப் பகுதியைப் படிக்க வேண்டும் என்பது. தலைப்பு மட்டுமா, முதல் பத்தியுமா, முழுதுமா? இந்தக் கடைசி வரி விடுபட்ட ஏடுகள்தான் அதிகம். ஒருவர் தலைப்பைப் பார்த்துக் குறிக்கிறார், மற்றவர் கடைசி வரிவரை படித்துவிட்டுக் குறிக்கிறார். இருவரும் நேர்மையாக வேலை செய்தும் விடை ஒத்துப்போவதில்லை.

குடிநீர்ச் செய்தியையே எடுத்துக்கொள்வோம். ‘பேசுபவர்’ என்ற மாறிக்கு அதிகாரி, மக்கள் பிரதிநிதி, குடியிருப்பவர் என்று மூன்று பிரிவு போடுகிறீர்கள். நம் நாளிதழ்ச் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் முடியும்: ‘உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று பொதுமக்கள் கோரிக்கை விடுத்துள்ளனர்.’ இங்கே பேசியது யார்? நிருபர் நாலு பேரிடம் கேட்டும் எழுதியிருக்கலாம், வழக்கமான முடிப்பாகவும் எழுதியிருக்கலாம். இதைக் ‘குடியிருப்பவர்’ பிரிவில் போட்டால், நம் செய்திகளில் மக்கள் குரல் ஓங்கி ஒலிப்பதாக முடிவு வரும். உண்மையில் பெயரோடு, தெருவோடு ஒருவர்கூடப் பேசாத செய்தியாக அது இருக்கும். எனவே ‘பெயருடன் குடியிருப்பவர்’ ஒன்று, ‘பெயரில்லாப் பொதுமக்கள்’ இன்னொன்று எனப் பிரியுங்கள். ‘என்று கூறப்படுகிறது’ என்று வந்தால் பேசுபவர் இல்லை. கவுன்சிலர் தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால்? பதவி குறிப்பிடப்பட்டிருந்தால் மக்கள் பிரதிநிதி. இப்படி ஒவ்வொன்றாகத் தீர்ப்பு எழுதிச் சேர்க்கும்போதுதான் பட்டியல் ஏடாகிறது.

பிரிவுகள் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது; எந்தச் செய்தியும் வெளியே நிற்கவும் கூடாது. அதற்காக ‘மற்றவை’ வைக்கலாம். அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்ந்துவிட்டால், உள்ளே இன்னொரு பிரிவு ஒளிந்திருக்கிறது என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

தடுமாற்றத்தில் முதலிடம் ‘தொனி’க்குத்தான். சிராவயல் மஞ்சுவிரட்டில் பலர் காயம் என்று தொடங்கும் செய்தி, காளைகளின் சீற்றத்தையும் கூட்டத்தின் ஆரவாரத்தையும் சொல்லி முடியும். சாதகமா, பாதகமா? முதலில் எதற்குச் சாதகம் என்று எழுதுங்கள்: விழாவுக்கா, ஏற்பாட்டாளருக்கா, காவல்துறைக்கா? பிறகு விதி: வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, ஒரு பக்கம் மறுபக்கத்தைப் போல் இரண்டு மடங்காவது இருந்தால் அந்தப் பக்கம், இல்லையென்றால் ‘கலப்பு’. இரண்டு மடங்கு என்பது வேதவாக்கு அல்ல. நீங்கள் ஒன்றரை மடங்கு வைக்கலாம். விதி எழுத்தில் இருக்க வேண்டும், ஆய்வு முடியும்வரை மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நானும் உடன் ஆய்வாளரும் 100 செய்தியில் 90-க்கு ஒரே குறி போட்டிருக்கிறோம். 90 சதவீதம். ஆனால் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) வந்த பேராசிரியர் நம்பகத்தன்மை போதாது என்றார். ஏன்?
*ஆய்வு மாணவர், பள்ளத்தூர்*

அவர் சொன்னது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ‘பெயருடன் குடியிருப்பவர் பேசுகிறாரா: ஆம், இல்லை’ என்பதுதான் மாறி என்று வைத்துக்கொள்வோம். இருவருமே ‘இல்லை’ என்றது 85, இருவருமே ‘ஆம்’ என்றது 5. நீங்கள் மட்டும் ‘ஆம்’ என்றது 5, அவர் மட்டும் ‘ஆம்’ என்றது 5. ஒத்தது 90 என்பது உண்மைதான். இருவரும் தனித்தனியே 10 முறை ‘ஆம்’, 90 முறை ‘இல்லை’ சொல்லியிருக்கிறீர்கள். செய்தியைப் படிக்காமலே இதே விகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் 0.9 × 0.9 + 0.1 × 0.1 = 0.82, அதாவது 82 செய்தியில் ஒத்துப்போயிருக்கும். தற்செயலைத் தாண்டி நீங்கள் சம்பாதித்தது, கிடைக்கக்கூடிய 18-ல் வெறும் 8. அதுதான் கோஹன் கப்பா: 8 ÷ 18 = 0.44. இதே வேலைக்கான இன்னொரு அளவான கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபா போட்டாலும் ஏறத்தாழ 0.45 வரும்.

0.80-க்கு மேல் இருந்தால் நம்பலாம், 0.667 முதல் 0.80 வரை தற்காலிக முடிவுக்கு மட்டும் என்பது கிளாஸ் கிரிப்பன்டார்ஃப் வைத்த அளவு. உங்கள் 0.44 அதற்கு வெகு கீழே.

இனி செய்ய வேண்டியது. ஒத்துப்போகாத அந்தப் பத்துச் செய்தியையும் எடுத்து எதிரெதிரே வைத்துப் படியுங்கள். பத்தும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், அதாவது எப்போதும் நீங்களே ‘ஆம்’ என்றால், ஒருவர் விதியை வேறாகப் புரிந்திருக்கிறார், பயிற்சியில் தீரும். உங்களுடையதைப் போல இரு பக்கமும் சமமாகச் சிதறியிருந்தால் விதியே குழப்பம், ஏட்டைத் திருத்துங்கள். திருத்திய பிறகு அதே நூறில் மறுபடி கணக்குப் போடக்கூடாது, விடை இப்போது நினைவில் இருக்கும். புதிய செய்திகள் எடுங்கள். மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதம் வழக்கம். 50 செய்திக்குக் குறைய வேண்டாம். ‘ஆம்’ அபூர்வமாக வரும் மாறிக்கு, ‘ஆம்’ இருக்கக்கூடிய செய்திகள் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி சோதனை மாதிரியை அமையுங்கள். அதை அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, எல்லா மாறிக்கும் சேர்த்துச் சராசரி போடுவது. தேதி, பக்க எண், படம் உண்டா இல்லையா என்பவற்றில் எல்லோரும் 1.0 வாங்குவார்கள், அந்தச் சராசரிக்குள் தொனியின் 0.4 மறைந்துபோகும். மாறிக்கு மாறி தனி எண் கொடுங்கள். மற்றது, இருவரும் உட்கார்ந்து பேசிச் சமரசம் செய்த பிறகு கணக்கிடுவது. நம்பகத்தன்மை என்பது தனித்தனியே குறித்ததை ஒப்பிடுவது. பேசி முடித்ததை அல்ல. எத்தனை முயன்றும் தேறாத மாறியை விட்டுவிடுங்கள், அல்லது இரண்டு பிரிவை ஒன்றாக்குங்கள். விட்டதையும் எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1920-களில் காரைக்குடியிலிருந்து வந்த ‘குமரன்’, ‘ஊழியன்’ போன்ற இதழ்களில் பெண்கல்வி பற்றி என்ன வந்தது என்று பார்க்க ஆசை. சொல் தேடல் போட்டு எண்ணினால் போதுமா?
*வரலாற்று ஆர்வலர், கோட்டையூர்*

உங்கள் ஊரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. முதலில் அங்கே விசாரியுங்கள். புதுக்கோட்டை ஞானாலயா நூலகமும் பக்கம்தான். எந்த இதழ்கள் கிடைத்தன, எவை கிடைக்கவில்லை என்று மாதவாரியாக அட்டவணை போடுவது முதல் வேலை. ஓராண்டில் நான்கு இதழ் மட்டுமே கிடைத்தால் அந்த ஆண்டின் எண்ணிக்கையை முழு இதழும் கிடைத்த ஆண்டோடு ஒப்பிட முடியாது. இதழுக்கு எத்தனை என்ற விகிதம்தான் ஒப்பிடத் தக்கது. மலர்களும் சிறப்பிதழ்களும் பத்திரமாக இருக்கும், சாதாரண இதழ் தொலைந்திருக்கும். மலரைத் தனியாக எண்ணுங்கள்.

சொல் தேடலை நம்பி இறங்க வேண்டாம். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான ணை, லை, றா போன்ற எழுத்துகள் வேறு வடிவில் இருக்கும். படத்தை எழுத்தாக்கும் மென்பொருள் அவற்றில் தடுமாறும், அந்தச் சொற்கள் தேடலில் அகப்படா. அந்நாளைய எழுத்துநடையும் வேறு: ‘ஸ்திரீ’, ‘மாதர்’, ‘பெண்டிர்’, ‘பெண்மக்கள்’ எல்லாம் தேட வேண்டும். ‘கல்வி’ என்று தேடினால் ‘படிப்பு’, ‘வித்தை’ விடுபடும். ஐந்தாறு இதழை முழுதாகப் படித்து, அந்தக் காலத்துச் சொற்பட்டியலை அங்கிருந்தே எடுங்கள்.

பிற்கால நாளிதழுக்கு ஊர், மாவட்டப் பெயரும் ஒரு பொறி. காரைக்குடி 1985 வரை இராமநாதபுரம் மாவட்டம். அதன் பிறகு பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில் மாவட்டம். 1997-க்குப் பிறகுதான் சிவகங்கை மாவட்டம். ‘சிவகங்கை மாவட்டம்’ என்று மட்டும் தேடி, 1997-க்குப் பிறகு நம் பகுதிச் செய்தி திடீரெனக் கூடிவிட்டது என்று ஒருவர் எழுதிவிட முடியும்.

எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அப்பச்சி அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இவற்றை இந்த முறையில் ஆராயலாமா?
*வாசகி, கானாடுகாத்தான்*

தாராளமாக. ஆனால் முதலில் எண்ண வேண்டாம். நூறு, இருநூறு கடிதத்தில் பிரிவுகளை முன்கூட்டியே நாம் தீர்மானிப்பதைவிட, படித்துப் படித்து அவற்றிலிருந்தே பிரிவுகளை எடுப்பது பொருந்தும். பிலிப் மைரிங் போன்ற ஆய்வாளர்கள் வளர்த்த பண்புசார் உள்ளடக்கப் பகுப்பாய்வு அதுதான். சுமார் கால்பங்கு கடிதங்களைப் படித்துப் பிரிவுகளை எழுதுங்கள்: கொடுக்கல் வாங்கல், வீட்டுக் காரியம், உடல்நலம், அந்த நாட்டு நிலவரம், சாமி காரியம் என்று வரலாம். புதிய பிரிவு தோன்றுவது நின்றதும் முதல் கடிதத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

தேதியில் கவனம் வேண்டும். ‘விஷு வருஷம்’ என்று இருந்தால் 1941 என்று குறித்துவிடாதீர்கள். விஷு 1941 சித்திரையில் தொடங்கி 1942 பங்குனியில் முடிகிறது. மார்கழி நடுவில் ஆங்கில ஆண்டு மாறுகிறது. 1941 டிசம்பர் 23-ல் ரங்கூன் மீது குண்டு விழுந்தது, 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது, இரண்டும் விஷுவில்தான். தை, மாசிக் கடிதத்தை 1941-ல் போட்டுவிட்டால் ரங்கூனைவிட்டுப் புறப்படும் பேச்சு குண்டு விழுவதற்கு முன்பே தொடங்கிவிட்டதாக ஆகிவிடும். தமிழ் மாதத்தையும் ஆங்கிலத் தேதியையும் அட்டவணையில் இரண்டு தனிப் பத்தியில் ஏற்றுங்கள். அறுபது ஆண்டில் பெயர் திரும்பி வரும் என்பதால் தபால் முத்திரையையும் பாருங்கள்.

பெட்டியில் இருப்பவை வந்த கடிதங்கள், அதிலும் வைத்துக்கொள்ளத் தகுந்தவை என்று யாரோ கருதியவை. வீட்டிலிருந்து போனவை இல்லை. எனவே ‘ஐயா இதைப் பற்றி எழுதவே இல்லை’ என்று சொல்லாதீர்கள். ‘கிடைத்த கடிதங்களில் இல்லை’ என்று சொல்லுங்கள். கடன்பட்டவர் பெயர், குடும்பத் தகராறு, சீர்வகைக் கணக்கு வரும் இடங்களில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். பங்காளி வீடுகளிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் ஒரே நாளில் ஆயிரம் செய்தியைக் குறியிட்டுத் தருகிறதே?
*உதவிப் பேராசிரியர், காரைக்குடி*

தரும். அது சரியா என்பதை யார் பார்ப்பது என்பதே கேள்வி. குறைந்தது 200 செய்தியை இரண்டு பேர் தனித்தனியே குறியிட்டு, அவர்களுக்குள் நம்பகத்தன்மை தேறிய பிறகு, அதே 200-ஐ இயந்திரத்திடம் கொடுத்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு எண் பாருங்கள்: அது ‘ஆம்’ என்றவற்றில் எத்தனை உண்மையில் ‘ஆம்’, உண்மையான ‘ஆம்’களில் எத்தனையை அது பிடித்தது. கொடுத்த கட்டளை, செயற்கை நுண்ணறிவு மாடலின் பெயர், பதிப்பு, தேதி எல்லாவற்றையும் பின்னிணைப்பில் வையுங்கள்; அடுத்த மாதம் அதே கட்டளைக்கு வேறு விடை வரக்கூடும்.

வெறும் சொல்லெண்ணும் மென்பொருளானால் தமிழில் தனிச் சிக்கல். ‘தண்ணீர்’ என்று முழுச்சொல்லாகத் தேடினால் ‘தண்ணீரை’, ‘தண்ணீருக்கு’, ‘தண்ணீரின்றி’ வராது. ‘தண்ணீ’ என்று சொல்லின் பகுதியாகத் தேடினால் ‘தண்ணீர்ப்பந்தல்’ திறப்புவிழாவும் சேர்ந்து வரும். பழைய கோப்புகள் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால் மாற்றிய பிறகே தேடுங்கள். மாற்றிய பின் பத்துப் பக்கம் கண்ணால் சரிபாருங்கள்.

செட்டிநாட்டுச் சமையல் காணொளிகளில் கடையில் சமைப்பவர் ஆண், வீட்டில் சமைப்பவர் பெண் என்றே காட்டுகிறார்கள். இது பார்ப்பவர் மனத்தை மாற்றுகிறது என்று முடிவில் எழுதலாமா?
*இளங்கலை மாணவர், தேவகோட்டை*

எழுதக்கூடாது. காணொளியில் என்ன இருக்கிறது என்பதே உங்கள் தரவு. பார்ப்பவர் என்ன எடுத்துக்கொண்டார் என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும், எடுத்தவர் ஏன் அப்படி எடுத்தார் என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும். மெக்கோம்ப்ஸ், ஷா என்ற ஆய்வாளர்கள் 1972-ல் வெளியிட்ட ஆய்வில், 1968 அமெரிக்க அதிபர் தேர்தல் நேரத்தில் அங்கே சேப்பல் ஹில் ஊரில் இன்னும் முடிவெடுக்காத 100 வாக்காளர்களிடம் எது முக்கியப் பிரச்சினை என்று கேட்டார்கள். ஊடகங்களில் எது முக்கியமாக வந்தது என்றும் தனியே எண்ணினார்கள். பிறகே இரண்டையும் ஒப்பிட்டார்கள். அதிலும் எது எதை உண்டாக்கியது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நீங்கள் முப்பது பார்வையாளரிடமாவது பேசுங்கள். அல்லது தலைப்பைச் ‘சித்திரிப்பு’ என்பதோடு நிறுத்துங்கள்.

எனக்கு இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. தனியாகவே குறியிட்டால் ஒப்புக்கொள்வார்களா?
*பகுதிநேர ஆய்வாளர், புதுவயல்*

இரண்டு மூன்று வாரம் கழித்து, பழைய குறிகளைப் பார்க்காமல் 50 செய்தியை மறுபடி குறியிட்டு ஒப்பிடலாம். நீங்கள் உங்களோடு ஒத்துப்போகிறீர்களா என்பது அதில் தெரியும். உங்கள் விதி மற்றவருக்கும் விளங்குமா என்பது தெரியாது. அதனால் எப்படியாவது ஒருவரைப் பிடியுங்கள். அவர் ஆய்வாளராக இருக்கத் தேவையில்லை. தமிழ் நாளிதழ் படிக்கும் பழக்கமும் மொத்தம் பத்து மணி நேரமும் உள்ள எவரும் போதும்: இரண்டு மணி நேரம் ஏட்டைப் படித்துப் பழக, மீதி 60 செய்தியைக் குறியிட. உங்கள் எதிர்பார்ப்பு என்ன என்பதை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். செய்திகளைத் தேதி வரிசையில் கொடுக்காமல் கலைத்துக் கொடுங்கள். போகப்போகக் குறியிடும் கை இளகிவிடும், வரிசையாகக் கொடுத்தால் அந்த இளக்கம் ஆண்டு மாற்றம் போலத் தோன்றும்.